புதுத் தளத்துக்கு டெம்ப்ளேட்: மூன்றில் எதை எடுப்பது?

#1 ஆரக்கால் (திங்கள், இரவு 10:40)

வணக்கம் நண்பர்களே. சைக்கிள் பழுது பார்ப்பது பற்றி அவ்வப்போது எழுதி வைத்த குறிப்புகள் நாற்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. பஞ்சர் ஒட்டுவது, செயின் கழற்றி மாட்டுவது, பிரேக் கட்டை மாற்றுவது, சக்கரத்தில் கோட்டம் எடுப்பது என்று எல்லாம் தமிழில். நோட்டிலும் போனிலுமாகக் கிடப்பதை ஒரு தளமாகப் போட்டுவிடலாம் என்று டொமைன், ஹோஸ்டிங் இரண்டும் வாங்கி, தளம் நடத்தும் மென்பொருளான வேர்டுபிரஸ்ஸும் ஏற்றியாயிற்று. அதற்கு மேல் வண்டி நகரவில்லை. நான்கு நாட்களாக ராத்திரி உட்கார்ந்து தளத்தின் தோற்றத்துக்கான டெம்ப்ளேட் (தீம் என்றும் சொல்கிறார்கள்) பார்ப்பதே வேலையாக இருக்கிறது.

பார்த்துப் பார்த்து மூன்றில் வந்து நிற்கிறேன்.

அ) பத்திரிகை மாதிரி ஒன்று. காசு கொடுத்து வாங்குவது. மேலே திரை முழுக்க ஐந்து படங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். கீழே நான்கு விதமான பகுதிகள். பார்த்ததும் "அடேயப்பா" என்று இருக்கிறது.

ஆ) இலவசம். கட்டம் கட்டமாகப் படங்கள், படத்தின் மேல் தலைப்பு.

இ) வேர்டுபிரஸ்ஸோடு வந்த தீம். வெள்ளையடித்த காலி அறை மாதிரி இருக்கிறது.

மனசு முதலாவதில்தான். நண்பர் ஒருவர் "அதையே ஓசியில் தருகிற தளம் இருக்கிறது, ஏன் காசு கொடுக்கிறாய்?" என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 சும்மாவந்தவன் (திங்கள், இரவு 10:52)

நான்கு ராத்திரியில் நான்கு குறிப்பு ஏற்றியிருக்கலாமே :) பிடித்ததை எடுங்கள் ஐயா. முதலாவது.

#3 தறிக்காரன் (திங்கள், இரவு 11:30)

வணக்கம் ஆரக்கால். தீம் மாற்றிக் கொடுப்பதே எனக்குப் பிழைப்பு என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் அந்த ஓசி விஷயம். வேண்டவே வேண்டாம். சட்டப்படி சரியா தப்பா என்பதை ஒரு ஓரமாக வையுங்கள். விலைக்கு விற்கும் தீமை ஒருவர் உடைத்து இலவசமாகத் தருகிறார் என்றால் அவருக்கு என்ன கிடைக்கிறது? உள்ளே எதையாவது செருகித்தான் தருவார். நான் திறந்து பார்த்த ஒன்றில் பக்கத்தின் அடிப்பகுதிக்கான ஃபுட்டர் கோப்பின் கடைசி வரி மட்டும் பக்கம் பக்கமாக நீண்டது. பேஸ்64 என்ற முறையில், பார்த்தால் புரியாதபடி சுருட்டி வைத்த நிரல். அவிழ்த்துப் பார்த்தால், தேடுபொறிக்கு மட்டும் கண்ணில் படுகிற மாதிரி சூதாட்டத் தளங்களின் இணைப்புகள். தளக்காரருக்கு ஒன்றரை வருடமாக அது தெரியாது. கூகுளில் தன் தளத்தின் பெயரைத் தேடியபோதுதான் அலறியடித்துக்கொண்டு வந்தார்.

இப்போது மூன்றில் எது என்பது. நீங்கள் பார்த்தது டெம்ப்ளேட்டை அல்ல, அதைக் காட்டுவதற்காகச் செய்து வைத்த மாதிரித் தளத்தை, அதாவது டெமோவை. அதில் இருப்பது நல்ல கேமராவில், நல்ல வெளிச்சத்தில், தேர்ந்த ஆள் எடுத்த படம். தலைப்பு ஒவ்வொன்றும் மூன்றே ஆங்கிலச் சொல். எல்லாத் தலைப்பும் ஒரே நீளம், எல்லாப் படமும் ஒரே வடிவம். அந்தப் படங்கள் பெரும்பாலும் தீமோடு வராது, டெமோவுக்கு மட்டும் உரிமம் வாங்கியிருப்பார்கள். அவற்றை எடுத்துவிட்டு உங்கள் படத்தை வையுங்கள், அப்புறம் "அடேயப்பா" வருகிறதா என்று சொல்லுங்கள்.

இரண்டு கேள்வி. உங்கள் படங்கள் எப்படிப்பட்டவை? இதைப் படிக்கப்போகிறவர் அப்போது எங்கே, எப்படி உட்கார்ந்திருப்பார்?

#4 ஆரக்கால் (செவ்வாய், காலை 7:05)

ஓசி வேண்டாம், புரிந்தது. நண்பரிடமும் சொல்கிறேன், அவர் தளத்தில் அதுதான் ஓடுகிறது.

படங்கள் எல்லாம் போனில் எடுத்தவை. ஒரு கையில் ஸ்பேனர், ஒரு கையில் போன். அதனால் பெரும்பாலும் நெட்டுக்குத்தாக இருக்கும். வெளிச்சமும் சுமார்தான்.

படிக்கிறவரா? இதை யோசிக்கவே இல்லை. சைக்கிள் பக்கத்தில் குந்தியிருப்பார். போன் தரையில் கிடக்கும். கையெல்லாம் கிரீஸ், சுண்டுவிரல் முட்டியால் திரையைத் தள்ளுவார். நான் அப்படித்தான் செய்வேன்.

#5 தறிக்காரன் (செவ்வாய், காலை 7:40)

அந்தச் சுண்டுவிரல் முட்டிக்குத்தான் டெம்ப்ளேட் தேட வேண்டும் :)

அ-வில் மேலே ஓடுகிற அந்தப் படங்கள், அதாவது ஸ்லைடர், அவருக்கு எதற்கு? அவர் "பிரேக் கட்டை மாற்றுவது எப்படி" என்று கூகுளில் தேடி நேராகப் பதிவுக்குள் குதிப்பார். முகப்புப் பக்கத்தைக் கண்ணால்கூடப் பார்க்க மாட்டார். நான்கு நாட்களாக நீங்கள் பார்த்தது முழுக்க முகப்புப் பக்கங்கள்தானே? இனிமேல் டெமோவைத் திறந்தால் முகப்பை மூடிவிட்டு ஒரு தனிப் பதிவின் பக்கத்துக்குப் போங்கள். அதையும் போனில் பாருங்கள். மேலே ஒட்டிக்கொண்டே வருகிற மெனுப்பட்டை திரையில் எவ்வளவை விழுங்குகிறது, பகிர்வுப் பொத்தான்கள் எழுத்தின் மேல் மிதக்கின்றனவா, இரண்டாவது பத்தியில் "எங்கள் மடலில் சேருங்கள்" என்று பெட்டி எழும்புகிறதா என்று கவனியுங்கள். கிரீஸ் கையோடு அந்தப் பெட்டியின் மூலையில் இருக்கிற பொடிப் பெருக்கல் குறியை அமுக்கிப் பாருங்கள், தெரியும்.

நெட்டுக்குத்துப் படம் என்றீர்களே, அங்கேதான் அ, ஆ இரண்டுமே உதைக்கும். அவை படத்தைப் படுக்கைவாக்கில் 16-க்கு 9 என்று வெட்டிக்கொள்ளும் வகை. நடுப்பகுதி மட்டும் மிஞ்சும். மேலே இருக்கிற கையும் கீழே இருக்கிற கருவியும் போய்விடும்.

#6 கொம்புக்கால் (செவ்வாய், காலை 9:15)

தமிழ்த் தளம் என்று ஆரக்கால் முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டார். யாரும் அதைத் தொடாமல் போகிறீர்களே. ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்த டெம்ப்ளேட்டில் தமிழ் போட்டால் எங்கெங்கே இடிக்கும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவன் நான்.

வரிகளுக்கு இடையிலான இடைவெளிதான் பெரிய தொல்லை. ஆங்கிலத் தலைப்புகளுக்கு எழுத்தின் உயரத்தில் 1.1, 1.2 மடங்கு வைத்திருப்பார்கள். கச்சிதமாக இருக்கும். தமிழில் மேலே புள்ளி, கொக்கி. கீழே உகரச் சுழி. "கூ", "மு", "ழு" எல்லாம் கோட்டுக்குக் கீழே இறங்கும். தலைப்பு இரண்டு வரிக்குப் போனால் முதல் வரியின் சுழி இரண்டாம் வரியின் புள்ளியில் போய் முட்டும். அதைவிட மோசம், தலைப்புப் பெட்டியின் உயரத்தை இறுக்கி, மிஞ்சியதை மறைத்துவிடும் தீம்கள். அதில் புள்ளியே வெட்டுப்படும். புள்ளி போனால் "செயின்" "செயின" ஆகிவிடும். உடல் எழுத்துக்கு 1.7, தலைப்புக்கு 1.4 வரை கொடுக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

டெமோ தலைப்புகள் கம்பீரமாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் அவை முழுக்கப் பெரிய எழுத்தில் இருப்பது. நமக்குப் பெரிய எழுத்தும் கிடையாது, சிறிய எழுத்தும் கிடையாது. அந்தக் கட்டளை தமிழில் ஒன்றும் செய்யாது, கம்பீரம் மட்டும் காணாமல் போகும். கூடவே எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டியிருப்பார்கள். ஆங்கிலத்தில் அது நாகரிகம். தமிழில் கொம்பும் காலும் தள்ளித் தள்ளி நின்று ஒரே சொல் மூன்று சொல்லாகத் தெரியும். சாய்வெழுத்தும் அப்படித்தான். தமிழ் எழுத்துருக்களில் பலவற்றுக்குத் தனிச் சாய்வு வடிவம் இல்லை. உலாவி தானாகவே எழுத்தைப் பிடித்துச் சாய்க்கும், பார்க்கச் சகிக்காது.

எழுத்துரு. டெமோவில் மயக்கிய அந்த எழுத்துருவில் தமிழே இருக்காது. ஆங்கிலமும் எண்களும் மட்டும் அதில் வரும், தமிழுக்கு அந்தந்தக் கருவியில் இருப்பது எதுவோ அது வந்து உட்காரும். ஒரே வரியில் "26 அங்குல ரிம்" என்று எழுதினால் 26 ஒரு தடிமனிலும் மற்றவை வேறு தடிமனிலும் நிற்கும். கூகுள் ஃபான்ட்ஸில் தமிழுக்கு இன்று தாராளமாக இருக்கின்றன. நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன், அனெக் தமிழ், டிரோ தமிழ். நீளமாகப் படிப்பதற்கு முக்த மலர் எனக்குப் பிடிக்கும். பலூ தம்பி தலைப்போடு நிற்கட்டும். பத்தி முழுக்க அதைப் போட்டால் கண் கேட்காது.

கடைசியாக மெனு. ஆங்கிலத்தில் "ஹோம், அபௌட், காண்டாக்ட்" என்று குட்டிச் சொற்கள். நமக்கு "முகப்பு, எங்களைப் பற்றி, தொடர்புகொள்ள, தனியுரிமைக் கொள்கை". ஆறு உருப்படி போட்டால் இரண்டாவது வரிக்கு வழிந்து லோகோவின் மேல் ஏறும்.

#7 சும்மாவந்தவன் (செவ்வாய், காலை 9:31)

செயின செயின... காலையிலேயே சிரிக்க வைத்துவிட்டீர்கள்.

#8 ஆரக்கால் (செவ்வாய், இரவு 9:50)

கொம்புக்கால் சொன்னதைப் படித்ததும் ஆ-வை ஏற்றிப் பார்த்தேன். இலவசம்தானே. என்னிடம் இருக்கிற மிக நீளமான தலைப்பைப் போட்டேன்:

"பின்சக்கரத்தில் கோட்டம் எடுக்கும்போது ஸ்போக் கம்பிகளை எந்தப் பக்கத்திலிருந்து இறுக்கத் தொடங்க வேண்டும்?"

போனில் ஆறு வரி. கட்டம் முழுக்கத் தலைப்பு, பின்னால் இருக்கிற படமே தெரியவில்லை. பக்கத்துக் கட்டத்தில் "பஞ்சர்" என்று ஒற்றைச் சொல் அநாதையாகத் தொங்குகிறது. படத்தில் நான் ஸ்போக் கம்பியை இறுக்கும் நிப்பிளைத் திருகிக்கொண்டிருக்கிறேன். தறிக்காரர் சொன்ன மாதிரியே திருகுகிற கை வெட்டுப்பட்டு, முழங்கையும் பாதி ரிம்மும் மட்டும் இருக்கின்றன.

ஆ போயிற்று.

#9 நத்தைவேகம் (செவ்வாய், இரவு 10:20)

அ-வும் போக வேண்டியதுதான். ஏன் என்று சொல்கிறேன்.

விற்பவரின் டெமோ முகவரியை எடுத்து, பக்கத்தின் வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் போடுங்கள், மொபைல் பகுதியைப் பாருங்கள். அங்கே மூன்று அளவுகள் வரும். பக்கத்தின் பெரிய உருப்படி கண்ணுக்குத் தெரிய எடுக்கும் நேரம் 2.5 விநாடிக்குள் இருக்க வேண்டும். பக்கம் ஏறும்போது எழுத்தும் படமும் இடம் மாறிக் குதிக்கும் அளவு 0.1-ஐத் தாண்டக் கூடாது. தொட்டதற்குப் பதில் கிடைக்கும் நேரம் 200 மில்லி விநாடிக்குள். இந்தக் கடைசி அளவை 2024 மார்ச்சில்தான் பழைய ஒன்றை எடுத்துவிட்டுச் சேர்த்தார்கள். ஸ்லைடர் உள்ள தீம்கள் முதல் அளவிலேயே முட்டிக்கொள்ளும். ஐந்து பெரிய படங்களும் அவற்றை ஓட்டுகிற நிரலும் வந்து சேர்ந்த பிறகுதான் முதல் எழுத்தே தெரியும். விற்பவரின் டெமோ நல்ல சர்வரில், நன்றாகத் தட்டித் துடைத்து வைத்தது. அதுவே திணறினால் உங்கள் இடத்தில் என்ன ஆகும்?

இன்னொன்று, காசு கொடுத்து வாங்கும் தீம்களோடு "இத்தனை பிரீமியம் பிளகின் இலவசம்" என்று கட்டித் தருவார்கள் (பிளகின் என்பது தளத்துக்கு வசதி கூட்டும் துணை நிரல்). 2014-இல் ஸ்லைடர் ரெவல்யூஷன் என்ற பிளகினில் ஒரு பெரிய ஓட்டை வெளியே தெரிந்தது. பிளகினைத் தனியாக வாங்கியவர்கள் புதுப்பித்துக்கொண்டார்கள். தீமோடு சேர்ந்து வந்ததாகப் பெற்றவர்கள் பலருக்குத் தங்களிடம் அது இருப்பதே தெரியாது, தீம் செய்தவர் புதுப்பித்தால்தான் உண்டு. அந்த டிசம்பரில் சோக்சோக் என்ற தீநிரல் அந்த வழியாகப் புகுந்து கூகுள் 11,000-க்கும் மேற்பட்ட டொமைன்களைத் தடைப்பட்டியலில் போட்டது. எனவே தீம் வாங்கினால் அதற்குள் வேறு யார் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

#10 சும்மாவந்தவன் (செவ்வாய், இரவு 10:44)

நீங்கள் எல்லாரும் சேர்ந்து அவரை அந்த வெள்ளையடித்த அறைக்குள் தள்ளப் பார்க்கிறீர்கள். ஒன்று கேட்கிறேன். புதிதாக ஒரு தளத்துக்குப் போகிறோம். அழகாக இருந்தால்தான் "ஓ, இவர் சிரத்தையாகச் செய்திருக்கிறார்" என்று நம்பிக்கை வருகிறது. எல்லாரும் இயல்புத் தீமே வைத்துக்கொண்டால் எல்லாத் தளமும் ஒரே முகம். நேற்று படித்தது எந்தத் தளம் என்று நினைவே இருக்காது. என்னை மாதிரி சும்மா வந்தவனைப் பிடித்து உட்கார வைப்பது பளபளப்புதான்.

#11 தறிக்காரன் (செவ்வாய், இரவு 11:10)

> எல்லாத் தளமும் ஒரே முகம்

இதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் வேகம் வேகம் என்று எல்லாவற்றையும் உரித்துப் போட்டார். கடைசியில் தளம் மின்கட்டண ரசீது மாதிரி ஆகிவிட்டது. யாரும் திரும்பி வரவில்லை.

ஆனால் அந்த முகம் டெம்ப்ளேட்டில் கிடைக்கும் என்று நினைப்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை. நன்றாக விற்கும் தீமை ஆயிரக்கணக்கானவர்கள் வாங்கியிருப்பார்கள். அந்த அ-வின் முகமும் ஆயிரம் பேருக்கு இருக்கிறது. ஆரக்காலின் தளத்தை நான் நினைவு வைத்துக்கொள்வது என்றால் கிரீஸ் படிந்த அந்தக் கையின் படங்களால்தான் வைத்துக்கொள்வேன். ஒரு நல்ல நிறம், ஒரு நல்ல எழுத்துரு, படங்களுக்கு ஒரே மாதிரி ஓரம் போதும், இ-யே வேறு ஆளாகத் தெரியும்.

#12 பழையவீடு (புதன், காலை 6:20)

நான் பிளாக்கரில் பல வருடம் குப்பை கொட்டியவன். அங்கேயும் இதே கதைதான். இலவச டெம்ப்ளேட் ஒன்றை இறக்கிப் போட்டேன். அடியில் "வடிவமைத்தவர் இன்னார்" என்று ஒரு வரி. அதை நீக்கினேன். அடுத்த நிமிடம் என் வலைப்பூவைத் திறந்தால் அவர்களுடைய தளத்துக்குப் போகிறது! அந்த வரி இல்லாவிட்டால் திருப்பிவிடு என்று ஸ்கிரிப்டில் எழுதி, யாருக்கும் புரியாதபடி குழப்பி வைத்திருந்தார்கள். அடிவரியை வைத்துக்கொள்வது நிபந்தனை என்றால் முன்னாலேயே தெரியும்படி சொல்லட்டும், வைத்துக்கொள்கிறோம். உரிமத்தைப் படிக்காமல் இறக்கியது என் தப்பும்தான்.

அப்புறம் வேர்டுபிரஸ்ஸுக்கு மாறினேன். இழுத்துப் போட்டுக் கட்டுகிற பேஜ் பில்டர் உள்ள ஒரு தீம் எடுத்தேன். இரண்டு வருடம் ஜாலியாகப் போயிற்று. வேறு தீமுக்கு மாறலாம் என்று அதை அணைத்த அன்றைக்குத்தான் விஷயம் தெரிந்தது. ஒவ்வொரு பதிவிலும் சதுர அடைப்புக்குறிக்குள் என்னென்னவோ கட்டளைகள். என் வாக்கியங்கள் அவற்றுக்கு நடுவே முள்ளில் மாட்டிய துணி மாதிரி கிடந்தன. கையால் உட்கார்ந்து சுத்தம் செய்தேன். அறுபது பதிவு. அதனால் ஆரக்கால், எடுப்பதற்கு முன்னால் கழற்றிப் பாருங்கள். ஒரு பதிவை அந்தத் தீமில் எழுதிவிட்டு, தீமை மாற்றினால் பதிவு முழுசாக நிற்கிறதா என்று பாருங்கள்.

#13 ஆரக்கால் (புதன், காலை 7:00)

கழற்றி மாட்டுவதுதான் என் வேலையே. இதை எப்படி யோசிக்காமல் விட்டேன் என்று வெட்கமாக இருக்கிறது.

ஒரு சந்தேகம். உண்மையான தளத்திலேயே இப்படிப் போட்டுப் போட்டு எடுத்தால் குப்பை சேராதா?

#14 தறிக்காரன் (புதன், காலை 8:15)

சேரும். அதற்கு வேர்டுபிரஸ் பிளேகிரவுண்ட் என்று ஒன்று இருக்கிறது. உலாவிக்குள்ளேயே ஒரு முழு வேர்டுபிரஸ் ஓடும். எதையும் நிறுவ வேண்டாம், பக்கத்தை மூடினால் எல்லாம் போய்விடும். வேர்டுபிரஸ்ஸின் அதிகாரபூர்வ தொகுப்பில் உள்ள எந்தத் தீமையும் அதில் போட்டு ஆட்டிப் பார்க்கலாம். தீம் செய்பவர்கள் பயன்படுத்துகிற சோதனைப் பதிவுகளின் கோப்பும் இலவசமாகக் கிடைக்கிறது. மிக நீளமான தலைப்பு, தலைப்பே இல்லாத பதிவு, பட்டியலுக்குள் பட்டியல் என்று வம்புக்கென்றே செய்தது. ஆனால் அது ஆங்கிலத்தில். உங்களுக்கு உங்கள் குறிப்புகளே போதும். மிக நீளமானது ஒன்று, மிகச் சின்னது ஒன்று, படம் அதிகம் உள்ளது ஒன்று, படமே இல்லாதது ஒன்று.

தொகுப்பில் தீமின் பக்கத்தில் கடைசியாகப் புதுப்பித்த தேதி இருக்கும். இரண்டு வருடம் கைபடாத தீம் என்றால் அழகைப் பார்க்காமல் மூடிவிடுங்கள். ஆதரவுப் பகுதிக்குள் போய்க் கேள்விகளுக்குப் பதில் வருகிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். நட்சத்திரங்களைவிட அதில்தான் தீம்காரரின் குணம் தெரியும்.

#15 மங்கல்கண் (புதன், மாலை 6:30)

இரண்டு நாட்களாக இந்த இழையை 200 சதவீதம் பெரிதாக்கிப் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பார்வை குறைவு. இன்னும் யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன்.

வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து. நாகரிகமான டெம்ப்ளேட் என்றாலே இதுதான். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்று இணைய அணுகல் வழிகாட்டி சொல்கிறது. பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 போதும். இரண்டு நிறக் குறியீட்டைக் கொடுத்தால் கணக்கிட்டுச் சொல்லும் இலவசக் கருவிகள் நிறைய உண்டு. படத்தின் மேல் தலைப்பு எழுதுகிற ஆ மாதிரித் தீம்களில் இந்தக் கணக்கே போட முடியாது, படத்துக்குப் படம் மாறும்.

எழுத்தைப் பெரிதாக்கினால் தளம் உடைகிறதா என்றும் பாருங்கள். சில தளங்கள் போனில் இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்குவதையே தடுத்து வைத்திருக்கின்றன. ஏன் என்று இதுவரை எனக்குப் புரியவில்லை.

இதெல்லாம் எனக்கு மட்டும் உதவாது. உங்கள் ஆள் வெயிலில், தரையில் கிடக்கிற போனைக் குனிந்து பார்க்கிறார். அவருக்கும் அந்த நேரத்தில் என் கண்தான்.

#16 கொம்புக்கால் (புதன், மாலை 6:48)

மங்கல்கண் அம்மாவோ ஐயாவோ தெரியாது, உங்கள் கடைசி வரிக்காக என் தளத்தின் சாம்பல் எழுத்தை இப்போதுதான் கறுப்பாக்கிவிட்டு வந்தேன்.

#17 ஆரக்கால் (ஞாயிறு, மதியம் 2:10)

நீங்கள் எல்லாரும் சொன்னபடி செய்து பார்த்தேன். நான்கு குறிப்புகளை எடுத்துக்கொண்டேன். அ-வைக் காசு கொடுக்காமல் சோதிக்க வழியில்லை. அதனால் அதன் டெமோவில் பதிவுப் பக்கத்தைப் போனில் திறந்து, வண்டி பக்கத்தில் தரையில் வைத்து, உண்மையாகவே செயினைத் தொட்டுவிட்டு முட்டியால் நகர்த்தினேன். பத்தியை எட்டுவதற்குள் இரண்டு முறை வேறு எங்கோ போய்விட்டேன். ஒருமுறை பகிர்வுப் பொத்தான் அமுங்கிவிட்டது. அந்தப் பக்கம் யாருக்குப் போயிற்று என்று இன்னும் தெரியவில்லை.

இ-யைப் பிளேகிரவுண்டில் போட்டேன். நீளத் தலைப்பு நான்கு வரி, ஆனால் முழுசாக நிற்கிறது. படம் வெட்டுப்படவில்லை, நெட்டுக்குத்தாகவே வருகிறது. தீமை மாற்றினாலும் பதிவு அப்படியே இருக்கிறது. பார்க்க இன்னும் காலி அறைதான். இருந்தாலும் அந்த அறையில் என் குறிப்புகள் படிக்கிற மாதிரி இருக்கின்றன. இ-தான் என்று முடிவு.

இப்போது நிறம், எழுத்துரு மாற்ற வேண்டும். தீமை மாற்றி எழுதினால் அடுத்த அப்டேட்டில் போய்விடும் என்கிறார்களே?

#18 தறிக்காரன் (ஞாயிறு, மாலை 4:00)

தீமின் கோப்புகளைத் திறந்து திருத்தினால் போய்விடும். அதற்காகத்தான் பழைய வகைத் தீம்களுக்கு, மாற்றங்களை மட்டும் வைத்துக்கொள்ளச் சைல்டு தீம் என்று தனியாக ஒன்று செய்துகொள்வார்கள். உங்களுடையது பிளாக் தீம், பக்கத்தின் ஒவ்வொரு பகுதியையும் பிளாக் பிளாக்காக அடுக்கிக் கட்டுகிற வகை. 2022 ஜனவரியில் 5.9 பதிப்போடு வந்ததிலிருந்து வேர்டுபிரஸ்ஸின் இயல்புத் தீம்கள் இந்த வகைதான். தள எடிட்டரில் நீங்கள் மாற்றுகிற நிறம், அளவு எல்லாம் தரவுத்தளத்தில் சேரும், தீமைப் புதுப்பித்தாலும் நிற்கும். எழுத்துருவுக்கும் 6.5 பதிப்பிலிருந்து உள்ளேயே ஒரு நூலகம் இருக்கிறது. கூகுள் ஃபான்ட்ஸில் உள்ளதை அங்கிருந்தே நிறுவலாம், கோப்பு உங்கள் தளத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

டெம்ப்ளேட்டுக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் முதல் பதிவுக்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டியது. அந்த ஸ்போக் கம்பித் தலைப்பை அப்படியே பதிவின் முகவரியாக விடாதீர்கள். முகவரிப் பகுதிக்கு வேர்டுபிரஸ் 200 இடம்தான் ஒதுக்கியிருக்கிறது. தமிழில் ஒரு குறியீடு, அதாவது ஒரு எழுத்தோ அதோடு சேரும் ஒரு குறியோ, சேமிக்கும்போது ஒன்பது இடம் பிடிக்கும். "கோ" என்றால் ககரமும் குறியும் சேர்ந்து பதினெட்டு. மொத்தம் 22 குறியீட்டோடு முகவரி பாதியில் அறுந்துவிடும். சின்னதாக நீங்களே கையால் கொடுத்துவிடுங்கள்.

#19 ஆரக்கால் (ஞாயிறு, இரவு 9:30)

முக்த மலர், வரி இடைவெளி 1.7, எழுத்து கறுப்பு, இணைப்புகளுக்கு மட்டும் சைக்கிள் மணியின் துருப்பிடித்த சிவப்பு. மூன்று குறிப்புகள் ஏற்றிவிட்டேன். தளத்தின் இணைப்பைக் கையொப்பத்தில் போட்டிருக்கிறேன், பார்த்துவிட்டுத் திட்டுங்கள்.

#20 கொம்புக்கால் (ஞாயிறு, இரவு 9:52)

பதிவுகள் நன்றாக இருக்கின்றன. தளத்தின் பெயரில் மட்டும் புள்ளி தலையில் இடிக்கிறது, அதற்கு இன்னும் பழைய 1.2-தான் ஓடுகிறது. தலைப்புப்பட்டையில் தளப் பெயர் பிளாக்கைத் தொட்டுத் தனியாக மாற்ற வேண்டும்.

#21 ஆரக்கால் (ஞாயிறு, இரவு 10:01)

மாற்றிவிட்டேன். இப்போது?

#22 கொம்புக்கால் (ஞாயிறு, இரவு 10:03)

சரியாகிவிட்டது.

#23 சும்மாவந்தவன் (ஞாயிறு, இரவு 10:15)

அந்தச் சிவப்பு நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோட்டம் எடுக்கிற பதிவில் ஏழாவது படம் தலைகீழாக ஏறியிருக்கிறதே, கவனிக்கவில்லையா?

#24 ஆரக்கால் (ஞாயிறு, இரவு 10:18)

படம் நேராகத்தான் இருக்கிறது. சைக்கிளைத்தான் தலைகீழாக நிறுத்தியிருக்கிறேன்.